இராவணன் வெட்டில் கேட்ட வயலின் கதை

கேள்வி இதுதான். குடும்பத்தோடு திருகோணமலைக்கு வந்திருக்கிறீர்கள். கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவடியில் நின்றபோது, அங்கே நின்ற ஒருவர் "வயலினைக் கண்டுபிடித்ததே இராவணன்தான், வெள்ளைக்காரன் இங்கிருந்து கொண்டுபோய்த் தன் பெயரைப் போட்டுக்கொண்டான்" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் மகள் வயலின் படிக்கிறாள், ஊருக்குத் திரும்பியதிலிருந்து அது உண்மையா என்று நச்சரிக்கிறாள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "ஆர்மோனியமும் நம்முடையது இல்லையாம், அப்போ நம்முடையது என்று எதைத்தான் சொல்வது?" எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று படுகிறது, இராவணன் அதற்கு ஒரு சாட்டு.

நான் வரலாறு படித்தவன் இல்லை. திருமலையில், அதாவது இதே திருகோணமலையில், 30 வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், உடைந்து வருகிறவற்றை ஒட்டிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். மரம், தந்தி, வில் பற்றிச் சொல்வது கைக்குத் தெரிந்தது. பழைய நூல்களைப் பற்றிச் சொல்வது, அந்த மொழிகள் தெரிந்தவர்கள் எழுதியதை வாசித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிடாதீர்கள்.

நேரடியான பதில்: இல்லை. இராவணன் வயலின் செய்தான் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதையைவிட அதுதான் சுவாரசியம். 18ஆம் நூற்றாண்டில் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரிப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு 1782இல் ஒரு பயணநூல் போட்டார். அதில் 'ராவணஸ்திரோன்' என்று ஒரு சின்ன வில் வாத்தியத்தைக் குறிப்பிடுகிறார். அதைப் பிடித்துக்கொண்டவர் பெல்ஜியத்தில் பிரசல்ஸ் இசைப்பள்ளியை நடத்திய ஃபெத்தீஸ் என்கிற இசை அறிஞர். 1856இல் ஸ்ட்ராடிவாரி என்கிற இத்தாலிய வயலின் தச்சரைப் பற்றி எழுதிய நூலில், இலங்கை மன்னன் இராவணன் கிறிஸ்துவுக்கு 5000 ஆண்டுகள் முன்பே இதைச் செய்தான், வில் போட்டு வாசிக்கிற வாத்தியங்களுக்கெல்லாம் தாய் இதுதான் என்று எழுதிவைத்தார். இத்தனைக்கும் அவர் வர்ணிக்கிற வாத்தியத்தின் முகத்தில் போர்த்தியிருப்பது பாம்புத்தோல். பாம்புத்தோல் போர்த்திய இரண்டு தந்தி வாத்தியம் என்றால் சீனத்து எர்ஹூதான் உடனே ஞாபகத்துக்கு வரும். ஆக, வெட்டடியில் நின்றவர் வெள்ளைக்காரன் களவெடுத்தான் என்று சொன்ன கதையே ஒரு வெள்ளைக்காரரின் புத்தகத்தால் பரவிய கதை. அவரைக் குறை சொல்லவில்லை, நானும் 20 வயதில் இதை மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இராவணனுக்கும் இசைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் மரபில் அவன் வீணைக்கொடிக்காரன். கயிலையைத் தூக்கப்போய் விரலால் அழுத்தப்பட்டு, தன் தலையையும் கையையும் நரம்பையும் கொண்டே வீணை செய்து சாமகானம் பாடி மீண்டான் என்பது எல்லாரும் அறிந்த கதை. சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாவது பாட்டை வழக்கமாக அவனுக்கு ஒதுக்குவார், கோணமலைப் பதிகத்திலும் அந்த இடத்தில் மலையெடுத்தவன் வந்துவிடுகிறான். ஆனால் இதெல்லாம் வீணை, அதாவது விரலால் மீட்டுவது. வால்மீகியின் சுந்தர காண்டத்தில் அனுமன் இராவணனின் அந்தப்புரத்தில் நுழையும்போது, பெண்கள் வீணையையும் குழலையும் மிருதங்கத்தையும் பலவகைப் பறைகளையும் கட்டிப்பிடித்தபடி தூங்குகிறார்கள். ஒரு இசைக்கடையையே இறக்கிவைத்த மாதிரி நீண்ட பட்டியல் அது, அதில் வில்லால் இழுத்து வாசிப்பது ஒன்றும் இல்லை.

வயலினின் பிறப்பைத் தேடுகிறவர்கள் பெட்டியைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது வில்லை. தந்தி கட்டிய பெட்டி உலகில் பல பக்கமும் இருந்தது. ஒரு தந்தியை விடாமல் அழவைக்க முடியும் என்பதுதான் புதுசு, அதற்கு வில் வேண்டும், வில்லுக்கு முடி வேண்டும். இது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. 90களின் தொடக்கம், போர்க்காலம். கொழும்பிலிருந்து ஒரு சாமான் வருவதென்றால் பாதை திறக்க வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு வில்லிலும் முடி கொட்டிப்போய் ஒன்றில் இருபது முப்பது இழைதான் மிச்சம். கடற்கரையில் வலை பொத்துகிற ஒரு அண்ணனிடம் தங்கூசி என்கிற மெல்லிய நைலான் மீன்பிடி நூல் வாங்கிவந்து, வில்லின் நீளத்துக்கு வெட்டி, நூற்றைம்பது இழையைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, இரவு முழுக்கக் குந்தியிருந்து கட்டினேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. ரோசினை அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டு இழுத்தால் முதலில் ஒரு கிறீச், அப்புறம் ஒன்றுமே இல்லை. எண்ணெய்ச் சட்டியில் விரல் வழுக்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

காரணம் எளிது. ரோசின் என்பது பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி இறுக்கியது. அதன் தூள் முடியில் பிடித்து நிற்க வேண்டும். பிசின் தந்தியைப் பிடித்து ஒரு மயிரிழை தூரம் இழுக்கும், தாங்காமல் தந்தி நழுவித் திரும்பும், மறுபடி பிடிபடும். மேல்நாட்டுச் சுருதியில் வைத்த 'ஏ' தந்தியில் இந்தப் பிடிப்பும் நழுவலும் விநாடிக்கு 440 தடவை நடக்கிறது, நம் காதுக்கு அது ஒரே ஸ்வரம். குதிரைவால் முடியில் தூள் நிற்கும், தங்கூசியில் நிற்காது. இப்போது செயற்கை முடியும் விற்கிறார்கள்தான், ஆனால் அது இதற்கென்றே செய்த நார், மீன்பிடி நூல் இல்லை. வயலினில் தந்திகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டுக்கும் தமிழில் குதிரை என்றுதான் பெயர். வீணையிலும் அப்படித்தான். ஒரு வாத்தியத்துக்கு இரண்டு குதிரை என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

சரி, அப்படியென்றால் குதிரைவால் தாராளமாகக் கிடைத்த நாட்டில்தானே இது தோன்றியிருக்கும்? இங்கே பிசினுக்குக் குறைவில்லை, குங்கிலியம் இருக்கிறது. குதிரைதான் இல்லை. பட்டினப்பாலையிலேயே குதிரை கடல்வழியாக வந்து இறங்குகிற சரக்கு. இலங்கையில் நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளும் ஐரோப்பியர் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவைதான். (முடி தட்டுப்பட்ட அந்த நாட்களில் நெடுந்தீவுக்காரர் ஒருவரிடம் கொஞ்சம் வால் முடி கிடைக்குமா என்று கேட்டேன். "நீங்களே வந்து பிடுங்கிக்கொள்ளுங்கோ மாஸ்டர்" என்றார்.) ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் நடு ஆசியாவின் புல்வெளிப் பக்கத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். வில்லால் வாசிப்பது பற்றிய தெளிவான எழுத்துச் சான்றுகள் 9, 10ஆம் நூற்றாண்டுகளில்தான் தலைகாட்டுகின்றன, 950 வாக்கில் மறைந்த அல் ஃபாராபி என்கிற அறிஞர் ரபாப் என்ற அரபு வாத்தியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 10ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஏட்டுப் படங்களில் ஆள் வில்லோடு நிற்கிறான். சீனத்தில் 1100 வாக்கில் எழுதிய ஒரு இசைநூல், மூங்கில் கீற்றால் தந்தியை உரசி வாசிக்கும் ஒரு வாத்தியத்தைச் சொல்கிறது. சீனர்கள் தங்கள் வில் வாத்தியங்களுக்கே 'ஹூ' என்று பெயர் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வடக்கு மேற்குப் பக்கத்து அந்நியர்களை அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். இந்தத் தடயங்களை வைத்துப் போட்ட கணக்குத்தான் நடு ஆசியா. கண்ணால் கண்ட சாட்சி இல்லை. நாளைக்கே எங்காவது இன்னும் பழைய சிற்பம் ஒன்று கிடைத்தால் கணக்கு மாறும்.

அப்போ இராவணன் பெயரிலேயே ராவணஹத்தா என்று ஒரு வில் வாத்தியம் சொல்கிறார்களே, அது இல்லையா என்றால், இருக்கிறது. ராஜஸ்தானில் இன்றைக்கும் வாசிக்கிறார்கள். பாதிச் சிரட்டையில் ஆட்டுத்தோல் போர்த்தி, மூங்கில் தண்டு செருகி, முக்கியத் தந்திகளில் ஒன்றைக் குதிரை முடியிலேயே கட்டியிருப்பார்கள். வில்லில் சலங்கை. இழுக்கும்போதே தாளமும் விழுந்துவிடும், நல்ல யோசனை அது. சிரட்டை இருக்கிறதே, அப்போ இலங்கையிலிருந்துதானே போயிருக்கும் என்று ஒரு மாணவன் மடக்கினான். தேங்காய் கோயில்தோறும் உடைக்கிற பொருள், வியாபாரத்தில் எங்கும் போகும், அதை வைத்து ஊர் சொல்ல முடியாது என்றேன். இந்த வாத்தியத்தை வாசிக்கிறவர்கள் இரவிரவாகப் பாடுவது பாபூஜி என்கிற வீரனின் கதை. அந்தக் கதையில் பாபூஜி இலங்கைக்குப் படையெடுத்து வந்து, இராவணனை வென்று, ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போகிறான்! நம் திருமலைக் கோட்டைக்குள் மான் திரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒட்டகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர்கள் கதையில் இலங்கை என்பது பாலைவனத்துக்கு மேற்கே எங்கோ இருக்கிற ஒரு தூரத்து நாடு. இராவணன் பெயரை வைத்துக்கொண்டு திருகோணமலை வரைக்கும் வரைபடத்தில் கோடு இழுத்தால் இப்படித்தான் ஒட்டகத்தில் முட்டும். பழமையான, பெருமைக்குரிய பெயர் என்று வைத்திருப்பார்கள், நாம் எதற்கெல்லாம் அகத்தியர் பெயரை வைக்கிறோம், அது மாதிரி.

ஐரோப்பாக் கதையை நீட்ட வேண்டியதில்லை. அரேபிய ரபாபும் பைசாந்தியத்து லைராவும் போய்ச் சேர்ந்து, பல நூற்றாண்டு பல உருவம் எடுத்து, 16ஆம் நூற்றாண்டு நடுவில் வட இத்தாலியில் இன்றைய வயலின் உருவத்துக்கு வந்தது. கிரெமோனா ஊரில் அந்திரேயா அமாத்தி, அதற்குப் பிறகு அதே ஊரில் ஸ்ட்ராடிவாரி. தனியொருவர் கண்டுபிடிப்பு என்று யாரையும் காட்ட முடியாது.

நம்மிடம் அது வந்த கதைதான் உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786இல் பிறந்தவர், சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்தை அதில் வாசித்துப் பார்த்தார். தஞ்சை நால்வர் என்கிற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தில் செய்த வயலின் பரிசளித்தார். இவர்களில் யார் முதலில், தஞ்சை அரண்மனையிலேயே வேறு யாராவது முந்திவிட்டார்களா என்று வாக்குவாதம் உண்டு, பரம்பரைக்குப் பரம்பரை ஒரு பதில் வைத்திருப்பார்கள். நான் அதில் கட்சி சேர்வதில்லை. நிச்சயமாகத் தெரிந்தது, 1800க்குப் பிறகு ஓரிரு தலைமுறைக்குள் வயலின் நம் கச்சேரியில் உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்துவிட்டது என்பதைச் சொல்லுக்குச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டில் நின்றோ கதிரையில் இருந்தோ தாடைக்கடியில் இடுக்கி வாசிக்கிறார்கள், வயலின் கழுத்தைத் தாங்குகிற வேலை பாதி இடது கைக்கு. நம்மவர்கள் சம்மணம் கட்டி, தலைப்பகுதியை வலது குதிக்காலில் முட்டக்கொடுத்து, அடிப்பக்கத்தை இடது தோளில் சாய்த்தார்கள். இடது கைக்கு இனிப் பாரமே இல்லை, தந்தி நெடுக மேலேயும் கீழேயும் வழுக்கி ஓடலாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வேண்டும் என்றால் அதுதான் வேண்டும். தந்தி கூட்டுவதையும் மாற்றினார்கள். அங்கே ஜி, டி, ஏ, ஈ, ஒவ்வொன்றும் அடுத்ததுக்கு ச–ப தூரம். இங்கே கீழிருந்து ச, ப, ச, ப. அதாவது நடுவில் ஒரு இடைவெளி ப–ச ஆகச் சுருங்குகிறது, எந்த இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்தாலும் ஆதார சுருதி கேட்கும். மேல்நாட்டு முறையில் படித்த ஒரு பிள்ளை ஒருமுறை என்னிடம் வந்து வாசிக்கத் தொடங்கி, விரல் வழக்கமான இடத்தில் விழ, வேறு ஸ்வரம் வர, வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததே ஒரு பார்வை! பெட்டியில் ஒரு ஆணிகூட மாறவில்லை, வாத்தியம் வேறாகிவிட்டது.

திருமலைக்கென்றே ஒரு வயலின் கதை இருக்கிறது, வெட்டடியில் அதை யாரும் சொல்வதில்லை. பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன, போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். மட்டக்களப்பிலும் உண்டு. கலியாண வீட்டில் கபரிஞ்ஞா ஆடுவார்கள், பைலாவுக்கு அக்கா முறையானது, அதில் முன்னால் நின்று பாட்டை இழுத்துக்கொண்டு போவது வயலின்தான். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பாவோடு ஒரு பறங்கியர் கலியாணத்துக்குப் போயிருந்தேன். கோட் போட்ட ஒரு முதியவர் வயலினைத் தாடையில் வைக்காமல் நெஞ்சில் அணைத்து, வில்லை நடுவுக்கு மேலே பிடித்து, குட்டைக் குட்டையாக இழுத்து, காலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசித்தார். சம்மணம் கட்டின வயலினை மட்டுமே அதுவரை பார்த்திருந்த எனக்கு அது ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருந்தது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டின அதே போர்த்துக்கேயரின் காலத்தில் வந்த இசையா, பின்னால் ஒல்லாந்தர் நாளில் இங்கேயே வளர்ந்ததா என்று பந்தயம் கட்ட மாட்டேன். போர்த்துக்கேய மொழியில் நாட்டுப்புற வயலினுக்கு ரபெக்கா என்று பெயர், ரபாபின் பேத்திச் சொல்.

ஆர்மோனியத்துக்கு வருகிறேன். அது பாரிஸ்காரரான தெபெய்ன் 1840இல் பெயரிட்டு உரிமை எடுத்த பெட்டி, காலால் துருத்தி மிதிக்கிறது. தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அடிக்கிற நம் பெட்டி அதற்குச் சில பத்தாண்டு கழித்துக் கல்கத்தாவில் உருவானது, துவாரகாநாத் கோஷ் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படும். உள்ளே ஒலிக்கிற பித்தளை நாக்கின் தத்துவமோ சீனத்து ஷெங் என்கிற பழைய ஊதுவாத்தியத்தில் இருந்தது. கமகம் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கிவைத்தது. அந்த 31 வருடத்திலும் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பெட்டி மீது பெரிய காதல் இல்லை, ஆனால் அந்தத் தடை கொஞ்சம் அதிகம்தான்.

நம்முடையது எது என்று கேட்டீர்கள். சந்தேகமே இல்லாமல் நம்முடையது யாழ். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான். காட்டில் கிடைத்ததைக் கொண்டு ஒரு ஆள் செய்த வாத்தியம், செய்முறையே பாட்டில் இருக்கிறது. அந்த யாழை நாம் தொலைத்துவிட்டோம். விபுலானந்த அடிகள், நம் கிழக்குக்காரர், இங்கே இந்துக் கல்லூரியிலும் பொறுப்பில் இருந்தவர், பல ஆண்டு உழைத்து யாழ் நூல் எழுதி 1947இல் அரங்கேற்ற வேண்டியிருந்தது, பழைய பாட்டுகளிலிருந்து அதை மறுபடி கணக்குப் போட்டு எடுக்க. கோயிலில் நாகசுரம் கேட்டால் இதைவிடப் பழசு எது என்று தோன்றும். சிலப்பதிகார அரங்கேற்றத்தில் குழல் இருக்கிறது, யாழ் இருக்கிறது, முழவு இருக்கிறது, நாகசுரம் இல்லை. நாம் இன்று வீணை என்கிற, 24 மெட்டு (தந்தியை அழுத்துகிற கட்டைகள்) வைத்த வீணையும் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்தது என்பார்கள். அப்படியானால் அதற்கும் உங்கள் மகளின் வயலினுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, வயலின் உருவம் ஒரு ஐம்பது அறுபது வருடம் மூத்தது. அதனால் யாராவது வீணை நம்முடையது, வயலின் கடன் வாங்கினது என்று மகளைச் சீண்டினால், அவள் உட்காருகிற முறையையும் கூட்டுகிற சுருதியையும் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டையும் எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை.

இன்னொன்று, கேள்வியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், திருமலையில் நின்ற நாலு நாளில் வயலின் பிரடை (தந்தியை முறுக்குகிற திருகாணி) நிற்காமல் வழுக்கிச் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது என்று. அது பழுதில்லை. கச்சான் காற்று நாளில் மரம் காய்ந்து பிரடை சுருங்கும், மாரியில் இதே பிரடை ஊதித் திருப்பவே முடியாமல் இறுகும். தேய்கிற இடத்தில் கொஞ்சம் சோக்குத் தூள் தடவி, உள்ளே அழுத்தியபடி திருப்பினால் நிற்கும். வாசித்து முடிந்ததும் வில்லின் திருகைத் தளர்த்திவிட்டுப் பெட்டியில் வைக்கிறாளா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். காய்ந்த காற்றில் முடி சுருங்கும், இறுக்கியபடி விட்டால் வில் வளைந்து போகும்.